ஏரிக்கரை விடுதியும் பெர்லின் மேடையும்

ஆஸ்திரியாவின் சால்ஸ்காமர்கூட் மலைப்பகுதியில், வோல்ஃப்காங் ஏரியின் வடகரையில், சாங்ட் வோல்ஃப்காங் என்ற சிற்றூர் இருக்கிறது. மூவாயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊரில், பழைய யாத்திரைத் தேவாலயத்தை ஒட்டி, ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது 'வைசஸ் ரோஸ்ல்' எனப்படும் வெள்ளைக் குதிரை விடுதி. 1912 முதல் பீட்டர் குடும்பத்தாரின் கையில் இருந்துவரும் இந்த விடுதியின் பெயர், ஜெர்மன் பேசும் நாடுகளில் அங்கே ஒரு நாளும் தங்காதவர்களுக்கும் தெரியும். அதே பெயரில் 1930-இல் பெர்லினில் அரங்கேறிய இசைநாடகம்தான் அதற்குக் காரணம் என்று பயணக் கையேடுகள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த வரியில் தவறில்லை; ஆனால், அது கதையின் கடைசிப் பகுதி மட்டுமே. இசைநாடகம் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இவ்வூர் வெளியூர் விருந்தினரை நம்பித்தான் பிழைத்து வந்திருக்கிறது. அவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது: முதலில் ஒரு துறவியை, பிறகு ஒரு பேரரசரின் நிழலை, கடைசியில் ஒரு பாட்டை.

துறவியின் பெயரே ஊருக்கும் ஏரிக்கும் அமைந்தது. 972-இல் பவேரியாவின் ரேகன்ஸ்பர்க் நகருக்கு ஆயரான வோல்ஃப்காங், பேரரசர் இரண்டாம் ஓட்டோவுக்கும் பவேரியக் கோமகன் ஹென்றிக்கும் இடையே மூண்ட பூசலின்போது, 976 வாக்கில், மோண்ட்சே மடத்தை ஒட்டிய இந்த மலைப்பகுதிக்கு ஒதுங்கி வந்தார் என்பது வரலாறு. ஃபால்கன்ஸ்டைன் குன்றின் மேலிருந்து கோடரியை வீசி, அது விழுந்த இடத்தில் தேவாலயம் எழுப்பினார் என்பதும், கட்டட வேலைக்குத் துணைநின்ற சாத்தானுக்கு உள்ளே நுழையும் முதல் உயிரைத் தருவதாக வாக்களித்தபோது முதலில் நுழைந்தது ஓர் ஓநாய் என்பதும் மக்கள் சொல்லிவந்த கதை. 994-இல் இறந்த அவரைத் திருச்சபை 1052-இல் புனிதராக அறிவித்தது. இடைக்காலத்தின் பிற்பகுதியில், ஐரோப்பாவின் பெரும் யாத்திரைத் தலங்களான ரோம், ஆஹன், ஐன்சீடல்ன் ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ணப்படும் அளவுக்கு இவ்வூர் வளர்ந்தது. மோண்ட்சே மடத்தின் தலைவர் 1471-இல் தென் டிரோலைச் சேர்ந்த மிஷாயேல் பாஹர் என்ற சிற்பியுடன் ஒப்பந்தம் செய்து, 1481-இல் முடிவுற்ற சிறகுப் பலிபீடத்தை (சிறகுபோல் விரித்து மூடக்கூடிய பக்கப் பலகைகள் கொண்டது) தேவாலயத்தில் நிறுவியதற்கு, பக்தியோடு யாத்திரைக் காணிக்கையும் காரணமாக இருந்திருக்க வேண்டும். மரத்தில் செதுக்கிப் பொன்முலாம் பூசிய அந்தப் பலிபீடம் இன்றும் நிறுவிய இடத்திலேயே இருக்கிறது.

மேற்கிலிருந்து வந்த யாத்திரிகர்கள் சாங்ட் கில்கன் பக்கமாக ஃபால்கன்ஸ்டைன் குன்றை நடந்தே ஏறி இறங்கி ஊருக்குள் வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்குச் சோறு, படுக்கை, குடிக்க ஏதாவது என்ற மூன்றும் உடனே தேவைப்பட்டன. திரும்பிப் போகும்போது கையில் கொண்டுபோக, துறவியின் நினைவாகக் கோடரி வடிவச் சிறு பதக்கங்களும் விற்கப்பட்டன. அந்தக் காலத்தின் விருந்தோம்பல் எப்படி நடந்தது என்பதற்கு, தேவாலய வளாகத்தில் இருக்கும் வெண்கல நீரூற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. 1515-இல் வார்க்கப்பட்ட அந்த ஊற்றில் மோண்ட்சே மடத்தலைவர் ஒரு செய்யுளைப் பொறித்து வைத்திருக்கிறார். புனித வோல்ஃப்காங்கின் பெருமைக்காகவும் ஏழை யாத்திரிகரின் நன்மைக்காகவும் தான் செய்யப்பட்டதாக அந்த ஊற்றே அதில் பேசுகிறது. திராட்சை மது வாங்கப் பணமில்லாதவர்கள் இந்தத் தண்ணீரைப் பருகி மகிழட்டும் என்கிறது. தருமச் செயலைச் சொல்லும் அந்த வரி, ஊரின் வணிகத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பணமுள்ளவர்கள் எங்கே உட்கார்ந்து எதைக் குடித்தார்கள் என்பதைத் தனியாக எழுதி வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இங்கே, பழைய விடுதி என்பதையும் குடும்ப விடுதி என்பதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒன்றே என்பது போன்ற தோற்றத்தைச் சுற்றுலா விளம்பரங்கள் எல்லா நாடுகளிலும் உண்டாக்கி விடுகின்றன. பழைய ஆஸ்திரிய வழக்கப்படி, விடுதி நடத்துவது, மது விற்பது போன்ற தொழில் உரிமைகள் பெரும்பாலும் ஆளோடு அல்ல, வீட்டோடு பிணைக்கப்பட்டிருந்தன. வீட்டை விற்றால் உரிமையும் கூடவே கைமாறும். வீட்டை வாங்காமல் உரிமையை மட்டும் பெற முடியாது. விதவை மறுமணம் செய்துகொள்ளலாம், மகள் வெளியூர் மாப்பிள்ளையைக் கொண்டுவரலாம், கடன்பட்டவர் விற்றுவிட்டுப் போகலாம். கதவுக்கு மேலே தொங்கும் பலகை மட்டும் அப்படியே இருக்கும். 1859-ஆம் ஆண்டின் தொழில் சட்டம் தொழில் சுதந்திரத்தைப் பொது விதியாக்கிய பிறகும் இந்தப் பழக்கத்தின் தடம் அழிந்துவிடவில்லை. ஆஸ்திரியச் சிற்றூர்களில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பல நூறு ஆண்டுப் பழமையுள்ள விடுதிகள் இவ்வளவு காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, இவ்வூரின் விடுதித் தொழிலுக்கு ஒரு வயது, பீட்டர் குடும்பத்துக்கு வேறொரு வயது. ஒரே குடும்பம் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருப்பதே இந்தத் தொழிலில் அரிது என்பதால், இரண்டாவது வயது குறைவாக இருப்பதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

யாத்திரை வருமானம் நிலையானதாக இருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் பரவியபோது கூட்டம் குறைந்தது. கத்தோலிக்க மறுமலர்ச்சியின்போது மீண்டும் பெருகி, தாமஸ் ஷ்வாந்தாலர் என்ற சிற்பி 1675-76-இல் செய்த இரட்டைப் பலிபீடமும் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஜோசப் யாத்திரைகளைக் கட்டுப்படுத்தினார். 1791-இல் மோண்ட்சே மடமே கலைக்கப்பட்டது. ஊரை ஆளாக்கிய நிறுவனம் அதோடு மறைந்தது.

அடுத்த வரவுக்கு வழி திறந்தது உப்பு. சால்ஸ்காமர்கூட் முழுவதும் ஹாப்ஸ்பர்க் அரசின் உப்புக் கருவூலமாக இருந்து வந்த பகுதி. 1820-களில் பாட் இஷ்ல் ஊரின் மருத்துவர்கள், சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பயன்பட்டுவந்த உப்புநீர்க் குளியலை மேட்டுக்குடி நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். குழந்தைப் பேறு தள்ளிப்போன இளவரசி சோஃபி அங்கே சிகிச்சை பெற்றார். 1830-இல் அவருக்குப் பிறந்த ஃபிரான்ஸ் ஜோசப்பும் தம்பிமார்களும் 'உப்பு இளவரசர்கள்' என்றே வேடிக்கையாக அழைக்கப்பட்டார்கள். 1848-இல் பேரரசரான ஃபிரான்ஸ் ஜோசப், 1853-இல் இஷ்லில்தான் எலிசபெத்தை மணக்க நிச்சயித்தார். 1914 வரை அநேகமாக ஒவ்வொரு கோடையையும் அங்கேதான் கழித்தார். செர்பியா மீதான போர் அறிவிப்பில் அவர் கையெழுத்திட்டதும் இஷ்ல் மாளிகையில்தான். பேரரசர் எங்கே கோடையைக் கழிக்கிறாரோ அங்கே அமைச்சர்கள் வந்தார்கள். அமைச்சர்கள் வந்த இடத்துக்கு வங்கியாளர்களும் நடிகர்களும் இசையமைப்பாளர்களும் வந்தார்கள். இஷ்லில் இடம் கிடைக்காதவர்களும், அதன் செலவும் சம்பிரதாயமும் தாங்காதவர்களும் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏரிக்கரை ஊர்களுக்கு நகர்ந்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வசதிகள் வரிசையாக வந்தன. ஊருக்கு மேலே உயர்ந்து நிற்கும் 1,783 மீட்டர் ஷாஃப்பெர்க் மலையின் உச்சியில் 1862-இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. ஏற முடியாதவர்களைக் கூலியாட்கள் நாற்காலியில் வைத்துச் சுமந்து சென்றார்கள். 1873-இல் பேரரசரின் பெயர் தாங்கிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஏரியில் ஓடத் தொடங்கியது. 1877-இல் ரயில் பாதை இஷ்லை எட்டியது. 1893-இல் சால்ஸ்பர்குக்கும் இஷ்லுக்கும் இடையிலான குறுகிய அகல ரயில் பாதை முழுமையடைந்தது. அதே ஆண்டு, 5.85 கிலோமீட்டர் தூரத்தில் 1,190 மீட்டர் உயரம் ஏறும் பற்சக்கர ரயில் ஷாஃப்பெர்க் உச்சிக்குப் போகத் தொடங்கியது. குறுகிய ரயில் ஏரியின் தென்கரை வழியாகப் போனது, ஊரோ வடகரையில். எனவே விருந்தினர்கள் கப்பலில் ஏறித் தண்ணீரைக் கடந்தே வந்தார்கள். கப்பல்துறைக்கு அருகில் ஏரியைப் பார்த்து நின்ற விடுதிகளுக்கு இது பெரிய வாய்ப்பு. விருந்தினர் கரையில் கால் வைப்பதற்கு முன்பே விடுதி அவர் கண்ணில் பட்டுவிடும்.

கோடைக்கு வந்தவர்கள் இன்றைய சுற்றுலாப் பயணிகளைப் போல இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்பவில்லை. வியன்னாவின் வசதியான குடும்பங்கள் பெட்டிகளோடும் பணிப்பெண்ணோடும் வந்து வாரக்கணக்கில் தங்கின. குடும்பத் தலைவர் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இடையிடையே வந்து போவார். அடுத்த ஆண்டும் அதே குடும்பம், அதே அறை, அதே மேசை. இந்த ஏற்பாட்டில் விடுதிக்காரரின் உண்மையான முதலீடு ஞாபக சக்திதான்: எந்த வழக்கறிஞருக்குக் காலை வெயில் ஆகாது, எந்த அம்மாளுக்கு ஏரிப்பக்க பால்கனி இல்லாவிட்டால் கோபம் வரும் என்பதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்து. குடும்பம் நடத்தும் விடுதிகள் பெரிய ஓட்டல்களுக்கு ஈடுகொடுத்ததும் இதனால்தான் என்று கருதுகிறேன். சம்பளத்துக்கு வரும் மேலாளர் மாறிப்போவார்; விடுதிக்காரரின் மனைவி, கணவர் இறந்த பிறகும் அதே வாசலில் நின்று அதே விருந்தினரைப் பெயர் சொல்லி வரவேற்பார்.

நாடகம் கையிலெடுத்துக்கொண்டது இந்த நுணுக்கத்தைத்தான். பெர்லினில் லெசிங் நாடக அரங்கை 1888-இல் தொடங்கிய விமர்சகரும் நாடகாசிரியருமான ஆஸ்கர் புளூமென்டாலுக்கு இஷ்லில் ஒரு மாளிகை இருந்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மாதிரியாகக் காட்டப்பட்ட மரவீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டியது அது. அங்கே கோடையைக் கழித்த அவர் குஸ்தாவ் காடல்பர்குடன் சேர்ந்து எழுதிய 'வெள்ளைக் குதிரை விடுதியில்' என்ற நகைச்சுவை நாடகம் 1897 டிசம்பரில் பெர்லினில் மேடையேறியது. விடுதியை நடத்தும் யோசெஃபா என்ற பெண்மீது தலைமைப் பரிசாரகன் லியோபோல்டுக்குக் காதல். யோசெஃபாவின் கண்ணோ, ஆண்டுதோறும் வரும் பெர்லின் வழக்கறிஞர் மேல். வழக்கமான விருந்தினருக்கென்று ஒதுக்கிய பால்கனி அறை யாருக்கு என்பதில் பற்றுகிற தகராறு கதையை நகர்த்துகிறது. விடுதித் தொழில் தெரிந்தவர்களுக்கு இது கற்பனைச் சிக்கலே அல்ல.

எந்த விடுதி மூலம் என்ற சர்ச்சை ஒன்று உண்டு. இஷ்லுக்கு அருகே டிராவுன் ஆற்றங்கரையில் உள்ள லாஃபன் என்ற ஊரிலும் வெள்ளைக் குதிரை என்ற பெயரில் ஒரு விடுதி இருந்தது. புளூமென்டால் காதல் வயப்பட்ட பரிசாரகனைப் பார்த்தது அங்கேதான் என்பது அவ்வூராரின் வாதம். அவர் வீடு இருந்த இடத்தைப் பார்த்தால் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், மேடைக்கு ஏரியும் கப்பலும் கரையில் கூடும் கூட்டமும் தேவைப்பட்டன. அவை இருந்தது வோல்ஃப்காங் ஏரியில். புகழ் அங்கே போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

1912-இல் பீட்டர் குடும்பம் விடுதியை எடுத்தபோது, வாங்கியவர்கள் கணித்திருக்கக்கூடிய எதிர்காலம் இரண்டே ஆண்டில் காணாமல் போனது. போர் வந்தது, 1916-இல் பேரரசர் இறந்தார், 1918-இல் பேரரசே இல்லாமல் போனது. பணவீக்கம் 1920-களின் தொடக்கத்தில் வியன்னா நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பை விழுங்கியது. கோடைதோறும் பெட்டி கட்டிய குடும்பங்களில் பலவற்றுக்கு அதற்கு வசதி இல்லாமல் போயிற்று. புது விருந்தினர் தேவைப்பட்ட அந்த நேரத்தில், உதவி விளம்பரச் செலவு எதுவும் இல்லாமல் பெர்லினிலிருந்து வந்தது.

ஏரியின் கிழக்கு முனையிலுள்ள ஸ்ட்ரோபிளில் வீடு வைத்திருந்த நடிகர் எமில் யானிங்ஸ், தன்னைப் பார்க்க வந்த இயக்குநர் எரிக் ஷாரெலிடம் பழைய நாடகத்தை நினைவூட்டினார் என்று சொல்லப்படுகிறது. ரால்ஃப் பெனாட்ஸ்கி இசையமைக்க, ராபர்ட் ஸ்டோல்ஸ் உள்ளிட்ட சிலரின் பாடல்களும் சேர, ராபர்ட் கில்பர்ட் பாடல் வரிகள் எழுத, 1930 நவம்பர் 8 அன்று பெர்லினின் மாபெரும் நாடக அரங்கில் இசைநாடகம் அரங்கேறியது. சர்க்கஸ் கொட்டகையாக இருந்து மாற்றிக் கட்டப்பட்ட, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த அரங்கின் உட்புறத்தையே ஆல்ப்ஸ் மலையூராக ஜோடித்திருந்தார்கள். மலையூரின் எளிமையைப் போற்றும் பாவனையில் ஜாஸ் இசையோடு நகரத்தார் நகரத்தாரையே கிண்டல் செய்யும் நாடகம் அது. இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்த ஃபிரான்ஸ் ஜோசப் அதில் கப்பலில் வந்திறங்கி, காதலில் குழம்பிய யோசெஃபாவுக்கு அனுபவப்பட்ட கிழவராக அறிவுரை சொல்கிறார். முடிவில் யோசெஃபா லியோபோல்டுக்கு எழுதித் தரும் பணிச் சான்றிதழில், பரிசாரகன் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் கணவனாக நியமிக்கப்படுவதாக இருக்கிறது. குடும்ப விடுதியில் முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அந்த ஒரு சான்றிதழ் காட்டிவிடுகிறது.

அடுத்த ஆண்டே லண்டனில் மேடையேறி 600-க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. 1936-இல் நியூயார்க்குக்கும் போனது. ஆனால், பெர்லின்காரர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு ஏரியைப் பார்க்க வரலாம் என்ற கணக்கு விரைவிலேயே தடைப்பட்டது. 1933-இல் ஹிட்லர் அரசு ஆஸ்திரியாவைப் பணிய வைப்பதற்காக, அங்கே செல்லும் ஒவ்வொரு ஜெர்மானியரும் 1,000 மார்க் கட்ட வேண்டும் என்று விதித்தது. 1936 வரை நீடித்த அந்தத் தடை, ஜெர்மன் விருந்தினரை நம்பியிருந்த மேற்கு ஆஸ்திரிய விடுதிகளின் வயிற்றில் அடித்தது. இசைநாடகமும் ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் பலர் யூதர்கள் என்பதும், அதன் கிண்டல் தொனியும் நாஜிகளுக்குப் பொறுக்கவில்லை. 1938-இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பின், இஷ்லிலும் ஏரிக்கரை ஊர்களிலும் யூதக் குடும்பங்களின் கோடை வீடுகள் பறிக்கப்பட்டன. அரை நூற்றாண்டாக இந்த ஊர்களின் கோடை வருமானத்தில் அக்குடும்பங்களுக்கு இருந்த பங்கு சிறிதல்ல.

முதல் காட்சியில் நடித்தவர்களின் கதியையும் சொல்லாமல் இந்த விடுதியின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் எண்ணம். லியோபோல்டாக நடித்த மாக்ஸ் ஹான்சன் நாட்டைவிட்டு வெளியேறினார். யோசெஃபாவாக நடித்த கமீலா ஸ்பீரா நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் அடைக்கப்பட்டு உயிர்தப்பினார். பெர்லின் தொழிலதிபர் கீசெக்கேயாக நடித்து அரங்கைச் சிரிக்க வைத்த ஓட்டோ வால்பர்க் 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஷாரெல், ஸ்டோல்ஸ், கில்பர்ட் ஆகியோர் ஐரோப்பாவைவிட்டே போனார்கள். நாடகத்துக்கு வித்திட்டதாகச் சொல்லப்படும் யானிங்ஸோ நாஜி காலத் திரையுலகின் முன்னணி நடிகராக இருந்துவிட்டு, 1950-இல் ஸ்ட்ரோபிளில் இறந்து சாங்ட் வோல்ஃப்காங்கில் அடக்கம் செய்யப்பட்டார். இந்த விவரங்களுக்குச் சுற்றுலாக் கையேடுகளில் இடம் கிடைப்பது அபூர்வம்.

போருக்குப் பிறகு இசைநாடகம் திரும்பி வந்தது. ஆனால், கிண்டலும் ஜாஸும் குறைக்கப்பட்டு, இனிப்பான வயலின் இசையோடு வந்தது. 1930-இன் அசல் இசைக்குறிப்புகள் ஜாக்ரெப் நகரில் கிடைத்து, அவற்றை வைத்து மறுபடி அமைத்த வடிவம் 2009-இல் டிரெஸ்டனில் மேடையேறும்வரை பெரும்பாலோருக்கு இந்த இனிப்பு வடிவமே தெரியும். விடுதிக்கு வியாபாரம் தந்ததும் அதுதான். 1952-இல் வில்லி ஃபோர்ஸ்ட் எடுத்த படமும், பீட்டர் அலெக்சாண்டர் லியோபோல்டாக நடித்த 1960-ஆம் ஆண்டுப் படமும், சொந்தக் கார் வாங்கத் தொடங்கியிருந்த மேற்கு ஜெர்மானியக் குடும்பங்களை ஏரிக்கரைக்கு அழைத்து வந்தன. குறுகிய ரயில் 1957-இல் நிறுத்தப்பட்டிருந்ததால், வந்தவர்கள் சாலை வழியாகவே வந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் விடுதியின் நிலை அடிப்படையில் மாறியது. அதுவரை ஊரில் வேறொன்றைப் பார்க்க வந்தவர்கள் விடுதியில் தங்கினார்கள். இனி விடுதியைப் பார்ப்பதற்கென்றே ஊருக்கு வந்தார்கள். இதில் சிக்கலும் உண்டு. பேருந்தில் வந்து முகப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ஒரு காபியோடு திரும்புகிறவரால் புகழ் பெருகுமே தவிர அறைகள் நிரம்பா. தங்க வருகிறவரோ, கூட்டத்திலிருந்து விலகிய அமைதிக்காகத்தான் பணம் கொடுக்கிறார். படத்தில் கண்டது அப்படியே இருக்க வேண்டும் என்றும், குளியலறை மட்டும் புதிதாக இருக்க வேண்டும் என்றும் இருவகையினரும் எதிர்பார்க்கிறார்கள். விருந்தோம்பல் சங்கிலி நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிருந்தால், இந்த முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே வேறெங்கும் காணக்கூடிய ஓட்டலைக் கட்டியிருப்பார்கள். பீட்டர் குடும்பம் அந்த வழியில் போகவில்லை. அக்குடும்பத்தின் ஹெல்முட் பீட்டர் 1990-களில் லிபரல் ஃபோரம் கட்சியின் உறுப்பினராக ஆஸ்திரிய நாடாளுமன்றத்திலும் இருந்தவர். இருந்தும், வெளியே அவருக்கு ஒட்டிய அடையாளம் விடுதிக்காரர் என்பதே.

பாட்டின் வேகம் இப்போது குறைந்து வருகிறது. 1960-ஆம் ஆண்டுப் படத்தைத் திரையரங்கில் பார்த்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது; ஆசியாவிலிருந்து வருகிற பயணிக்கு லியோபோல்டும் யோசெஃபாவும் யாரென்றே தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால், விடுதி கோடையை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலைக்கு வந்தது. ஏரியின் மேலேயே மிதக்கும் குளம் ஒன்றை அமைத்து, அதன் நீரை ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். பனி பெய்யும்போதும் விருந்தினர்கள் அதில் நீந்துகிறார்கள். ஏரிக்கரை ஊர்கள் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் நடத்தும் சந்தை, முன்பு கதவடைத்துக் கிடந்த மாதத்தையும் வருமான மாதமாக்கிவிட்டது. அந்தச் சந்தையின் கடைகள் தேவாலயத்தைச் சுற்றி, யாத்திரிகர்களிடம் பதக்கம் விற்ற அதே சந்துகளில்தான் போடப்படுகின்றன. வாங்குகிறவர்களில் கணிசமானோர் பகலில் கப்பலில் வந்து இரவே திரும்பிவிடுகிறவர்கள். அவர்களில் எத்தனை பேரை ஓர் இரவாவது தங்க வைக்க முடியும் என்பதுதான் விடுதிக்காரர்களுக்கு இன்றைய கணக்கு.